கோடு யாருடையது?
அருங்காட்சியகங்களின் வண்ணம் தீட்டும் புத்தகங்களை முன்வைத்து

கேள்வி

2016 பிப்ரவரியில் நியூயார்க் மருத்துவக் கழகத்தின் நூலகம் உலகெங்கும் உள்ள நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஓர் அழைப்பு விடுத்தது. அவரவர் சேகரிப்பிலுள்ள பழைய படங்களை வண்ணம் தீட்டத்தக்க பக்கங்களாக்கி இணையத்தில் இலவசமாக வைக்கவேண்டும். தீட்டியவர்கள் தங்கள் படங்களைப் பொதுவில் பகிர்ந்துகொள்ளவேண்டும். ‘கலர் அவர் கலெக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் தொடங்கிய அந்த வாரம் அதன்பின் ஆண்டுதோறும் பிப்ரவரித் தொடக்கத்தில் நடந்துவருகிறது. மூலிகை நூல்களின் செடிகள், பழைய உடற்கூற்றியல் படங்கள், கடல் விலங்குகள், நிலப்படங்கள் என்று பல நூற்றாண்டுகளின் கைவேலை பிடிஎஃப் கோப்புகளாக வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

காலமும் அதற்குக் கனிந்திருந்தது. ஸ்காட்லாந்தின் ஜோஹன்னா பாஸ்ஃபோர்டு 2013இல் வெளியிட்ட ‘சீக்ரெட் கார்டன்’ பெரியவர்களின் கையிலும் வண்ணப் பென்சிலைக் கொடுத்திருந்தது. அமெரிக்காவில் 2014இல் சுமார் பத்து லட்சம் படிகளாக இருந்த பெரியவர்களுக்கான வண்ணப் புத்தக விற்பனை, 2015இல் சுமார் ஒரு கோடியே இருபது லட்சமாக உயர்ந்ததாக நீல்சன் நிறுவனம் மதிப்பிட்டது. மறுபுறம் அருங்காட்சியகங்கள் தம் படங்களைத் திறந்துவிடத் தொடங்கியிருந்தன. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் 2012இல் 1,25,000 படங்களை இணையத்தில் வைத்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000 படங்களின் மீதிருந்த பயன்பாட்டுத் தடைகளை நீக்கியது. பெல்லரஃபன், டோவர் போன்ற அமெரிக்கப் பதிப்பகங்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த வேலையை இனி அருங்காட்சியகமே நேரடியாகச் செய்யலாம் என்றாயிற்று.

இந்த மலர்ச்சியை மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் படத்தை ஒருவர் தன் கையால் ஒரு மணி நேரம் பின்தொடர்வது, அதன் முன் சில நொடிகள் நின்று நகர்வதைவிட ஆழமான பார்வை. ஆனால் இந்தப் பக்கங்களைத் தொடர்ந்து பார்க்கும்போது ஒரு கேள்வி விடாமல் எழுகிறது. கறுப்புக் கோடாக நம் முன் வைக்கப்படும் அந்த உருவத்தின் கோட்டைப் போட்டவர் யார்? ஓவியரா, அச்சுக்குச் செதுக்கியவரா, அருங்காட்சியக ஊழியரா, மென்பொருளா? விடை மாறும்போது நாம் தீட்டும் பொருளே மாறிவிடுகிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இதுவரை பேசப்பட்டவை

வண்ணம் தீட்டும் புத்தகம் பற்றிய விவாதம் நெடுங்காலமாகத் தீட்டுபவரைப் பற்றியதாகவே இருந்துவருகிறது. கலைக்கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்டு, 1947இல் வெளிவந்த ‘கிரியேட்டிவ் அண்ட் மென்டல் குரோத்’ நூல் வழியாக ஒரு கடும் நிலைப்பாட்டை வலுப்படுத்தினார்: பெரியவர் வரைந்த பறவைக்கு நிறமேற்றிப் பழகிய குழந்தை, தான் கண்ட பறவையைத் தன் போக்கில் வரையும் துணிவை இழக்கிறது. அடுத்த பல பத்தாண்டுகள் கலை ஆசிரியர்கள் வண்ணப் புத்தகத்தை ஐயத்தோடு பார்த்ததற்கு இதுவே வலுவான காரணம்.

எதிர்த்திசையில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது, நான்சி கறியும் டிம் காசரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு. 84 கல்லூரி மாணவர்களிடம் முதலில் சிறிது பதற்றத்தை உண்டாக்கி, பின் 20 நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். மண்டல வடிவத்தையோ கட்டம்போட்ட வடிவத்தையோ தீட்டியவர்களுக்குப் பதற்றம் நன்கு தணிந்தது. வெற்றுத்தாளில் விருப்பம்போல் தீட்டியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. லோவன்ஃபெல்டு எந்தக் கட்டுப்பாட்டைக் குறையாகக் கண்டாரோ அதுவே இங்கு மருந்தாகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் கருதவில்லை. ஒன்று வரையக் கற்கும் குழந்தையைப் பற்றியது; மற்றது மனம் கலங்கிய இளைஞரைப் பற்றியது.

நம் கேள்விக்கு இரண்டுமே உதவுவதில்லை. கட்டம்போட்ட வடிவமும் ஃபெர்மீரின் ஓவியமும் மன அமைதிக்கு ஒரே பயனைத் தரக்கூடும். ஆனால் அருங்காட்சியகம் தன் பெயரைப் போட்டு ஒரு பக்கத்தைக் கொடுக்கும்போது அமைதியை மட்டும் வாக்களிக்கவில்லை. ஒரு கலைப்பொருளோடு உறவையும் வாக்களிக்கிறது. அந்த வாக்குறுதியைச் சோதிக்கப் பக்கத்தின் வரலாற்றுக்குள் போகவேண்டும்.

நிறத்துக்காகக் காத்திருந்த கோடுகள்

நெடுநல்வாடையும் மணிமேகலையும் அறிந்திருந்த புனையா ஓவியம், அதாவது நிறமேற்றாத கோட்டு வடிவம், அச்சுக்கலை வந்த பிறகு ஐரோப்பாவில் ஒரு வணிகப் பொருளாயிற்று. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளின் மரச்செதுக்கு அச்சுகளில் கணிசமானவை நிறம் ஏறவேண்டும் என்ற எதிர்பார்ப்போடு பிறந்தவை. நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க் நகரங்களில் அச்சுத்தாள்களுக்கு நிறம் தீட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட தொழிலாளர்கள் இருந்தார்கள். ஆன்ட்வெர்ப்பில் அவர்கள் ஓவியர்களின் புனித லூக்கா சங்கத்தில் உறுப்பினராக முடிந்தது. உலகின் முதல் நவீன நிலப்படத் தொகுப்பை 1570இல் வெளியிட்ட ஆபிரகாம் ஆர்ட்டேலியஸ், 1547இல் அந்தச் சங்கத்தில் பதிவுசெய்துகொண்டது நிலப்படங்களுக்கு நிறம் தீட்டுபவராகத்தான். பின்னாளில் ஆம்ஸ்டர்டாமின் டிர்க் யான்ஸ் ஃபான் சாண்டன் நிலப்படங்களுக்குப் பொன்னும் நிறமும் ஏற்றுவதில் பெயர்பெற்றார். அவர் கைபட்ட தொகுப்புகள் சேகரிப்பாளர்களின் பெருமிதம்.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் பாசெல் நகரில் வெளியிட்ட மூலிகை நூல். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள் அதில் உள்ளன. கலைஞர்கள் தங்கள் திறமையைக் காட்டும் ஆசையில் நிழல்கோடு போட்டுச் செடியின் உருவத்தை மறைத்துவிடக் கூடாது என்று ஃபுக்ஸ் கண்டிப்பாக இருந்தார். விளைவாக, இலையும் தண்டும் மெல்லிய விளிம்புக் கோடுகளாக, உள்ளே வெறுமையாக நிற்கின்றன. இன்றைய வாசகர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஏற்கெனவே ஒரு வண்ணப் புத்தகம் போலவே தோன்றும். அந்த வெறுமை நிறத்துக்கு ஒதுக்கிய இடம். நூலின் பல படிகள் நிறம் ஏற்றப்பட்டே புழங்கின.

ஃபுக்ஸின் சில படங்களில் ஒரே செடியில் வெவ்வேறு நிறப் பூக்கள் மலர்ந்திருக்கும். இயற்கையில் அப்படி ஒரு செடி இல்லை. ஓரினத்தின் பல வகைகளை ஒரே உருவத்தில் சேர்த்துக் காட்டும் அறிவியல் உத்தி அது. நிறமில்லாத படியில் அந்த உத்தியே தெரியாமல் போகும். இங்கே நிறம் அலங்காரம் அன்று, தகவல். இப்படியொரு பக்கத்தை நூலகம் வண்ணம் தீட்டக் கொடுக்கும்போது, பாதியில் நின்ற ஒரு வேலையை முடிக்கவே அழைக்கிறது. நூலின் இறுதியில் ஃபுக்ஸ் இன்னொன்றும் செய்தார். செடிகளை வரைந்த ஆல்பிரெக்ட் மேயர், அதை மரப்பலகைக்கு மாற்றிய ஹைன்ரிஷ் ஃபுல்மாரர், செதுக்கிய ஃபைட் ருடால்ஃப் ஸ்பெக்லே மூவரின் உருவப்படங்களையும் பெயரோடு அச்சிட்டார். இந்த மூவரையும் கட்டுரையின் பிற்பகுதிக்காக வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தொழிலாளரிடம் இருந்த இந்த வேலை பொழுதுபோக்காக மாறியதற்கு ஒரு நல்ல சான்று, லண்டனில் ராபர்ட் சேயர் 1760ஐ ஒட்டி வெளியிட்ட ‘தி ஃபுளோரிஸ்ட்’. பூக்கும் பருவ வரிசையில் 60 மலர்த் தகடுகள். எந்தப் பூவுக்கு எந்த நிறம் என்ற விவரிப்பு. இயற்கைப்படி வரையவும் தீட்டவும் வழிகாட்டல். இக்கலையில் நாட்டமுள்ள கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். வண்ணப் புத்தகத்தின் தொடக்கங்களில் ஒன்றாக இது மதிக்கப்படுவது நியாயமே. அதற்கு முன்பே, நியூரம்பெர்க்கில் செல்வர்வீட்டுப் பெண்களுக்கு ஓவியம் கற்பித்த மரியா சிபில்லா மேரியான் 1680இல் நிறைவுசெய்த மலர்நூல், வண்ணம் தீட்டவும் பூத்தையலுக்கும் மாதிரியாகப் பயன்பட்டது. குழந்தைகள் பின்னால்தான் வருகிறார்கள்: கேட் கிரீனவேயின் கோட்டோவியங்களோடு 1879இல் ‘லிட்டில் ஃபோக்ஸ் பெயின்டிங் புக்’, 1903இல் ஐந்து சென்ட்டுக்கு எட்டு நிறங்களோடு கிரயோலா மெழுகுக்குச்சி.

இந்த வரலாற்றின் மற்றொரு பக்கத்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குழந்தைகளுக்கான படநூல்களுக்கு நிறம் தீட்டியவர்களில் பலர் குழந்தைகளே. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு நிறமாகத் தீட்டித் தாளை அடுத்தவரிடம் தள்ளுவார்கள். ஒரு வீட்டுக் குழந்தைக்கு விளையாட்டாக இருந்த நிறம் இன்னொரு வீட்டுக் குழந்தைக்குக் கூலிவேலை. வண்ணம் தீட்டுதலைக் களங்கமற்ற பொழுதுபோக்காக மட்டும் கொண்டாடும் எழுத்துகளில் இந்தச் செய்தி இடம்பெறவேண்டும்.

நிறம் வேண்டாத கோடு

எல்லா அச்சோவியமும் நிறத்துக்குக் காத்திருந்ததா? ஆல்பிரெக்ட் டூரரை வைத்து இக்கேள்விக்கு நீண்டகாலமாக இல்லை என்றே விடை சொல்லப்பட்டது. பண்டைக் கிரேக்க ஓவியன் அப்பெலீஸுக்கு நிறங்கள் தேவைப்பட்டன. டூரரோ ஒளி, நிழல், உணர்ச்சி அனைத்தையும் கறுப்புக் கோடுகளாலேயே கொண்டுவந்துவிட்டார், அவற்றின் மேல் நிறம் பூசுவது கெடுப்பதாகும் என்ற பொருளில் அவர் காலத்து அறிஞர் எராஸ்மஸ் 1528இல் எழுதினார். கலை வரலாறு இக்கருத்தை விதியாகவே ஏற்றுக்கொண்டது. நிறமேறிய பழைய அச்சுகளைச் சேகரிப்பாளர்கள் பழுதுற்றவையாக ஒதுக்கினார்கள்.

கலை வரலாற்றாசிரியர் சூசன் டாக்கர்மன் 2002இல் பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தில் அமைத்த ‘பெயின்டட் பிரின்ட்ஸ்’ கண்காட்சி இந்த ஒதுக்கலைக் கேள்விக்குள்ளாக்கியது. நிறமிகளை ஆய்ந்தபோது, பிற்கால ஒட்டுவேலை என்று தள்ளப்பட்ட பல நிறங்கள் அச்சுகளின் சமகாலத்தவை என்று தெரியவந்தது. அன்றைய மக்களில் பலருக்கு அச்சோவியம் என்றாலே நிறமுள்ள ஓவியம்தான். கறுப்பு வெள்ளையின் தூய்மை ஓரளவு பிற்கால ரசனை.

டாக்கர்மனின் பக்கமே சான்று வலுவாக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து டூரரின் எந்த அச்சையும் தயக்கமின்றி வண்ணப் பக்கமாக்கலாம் என்ற முடிவுக்குத் தாவமுடியாது. அவருடைய செப்புத்தகட்டு அச்சுகளில் நிழல்கோடுகளின் அடர்த்தியே நிறத்தின் வேலையைச் செய்கிறது. மேலே மெழுகு பூசினால் அந்த மெல்லிய வலை அழிந்துபோகும். வண்ணப் பக்கத்துக்காக அந்த நிழல்கோடுகளை நீக்கி விளிம்பை மட்டும் எடுத்தால், எஞ்சுவது டூரரின் கோடு அன்று.

வண்ணப் பக்கங்களில் அடிக்கடி இடம்பெறும் அவருடைய காண்டாமிருகம் இதற்கு இடைப்பட்ட நிலையில் நிற்கிறது. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷா கொடுத்த அந்த விலங்கு, கோவாவிலிருந்த போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க் வழியாக அரசர் மானுவேலுக்கு அனுப்பப்பட்டு, 1515 மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. மறு ஆண்டு போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பிய வழியில் இத்தாலியக் கடற்கரைக்கு அருகே கப்பலோடு மூழ்கியது. டூரர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. நியூரம்பெர்க்குக்கு வந்த விவரிப்பையும் ஒரு வரைபடத்தையும் வைத்தே மரச்செதுக்கை உருவாக்கினார். அச்சின் தலைப்பகுதியில் ஜெர்மன் மொழியில் ஒரு குறிப்பு உண்டு. புள்ளிபட்ட ஆமையின் நிறம் இதன் நிறம் என்கிறது அது. நிறம் படத்தில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. வாங்கியவர் அதைப் படித்து மனத்தால் தீட்டிக்கொள்ளலாம், அல்லது கையால். வண்ணப் பக்கமாகும்போது பல வேளைகளில் முதலில் வெட்டி எறியப்படுவது இந்த எழுத்துப்பகுதிதான். அழகுக்காகச் செய்யப்படும் இந்த வெட்டு, ஓவியர் நிறத்தைப் பற்றிச் சொன்ன ஒரே சொல்லையும் நீக்கிவிடுகிறது. சாம்பல் நிற விலங்குக்கு ஆமையின் நிறத்தைத் தீட்டும் குழந்தை டூரருக்கு மிக அருகில் இருக்கிறது. அது அந்தக் குழந்தைக்குத் தெரியவேண்டாமா?

ஜப்பானியப் பலகையும் வான்கோவின் கடிதமும்

ஹொகுசாயின் ‘பெரும் அலை’ (சுமார் 1831) இல்லாத அருங்காட்சியக வண்ணத் தொகுப்பைக் காண்பது அரிது. தேர்வு பொருத்தமானதே. ஜப்பானிய வண்ண அச்சில் முதலில் ஓவியரின் கோட்டுப்படத்தைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டுப் பலகையைச் செதுக்குவார்கள். அதிலிருந்து சில கோட்டுப் படிகளை அச்சிட்டு ஓவியரிடம் கொடுப்பார்கள். எங்கே எந்த நிறம் வரவேண்டும் என்று அவர் அந்தப் படிகளில் குறித்துத் தருவார். அதன்படி ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப்பலகை செதுக்கப்படும். நிறத்துக்குக் காத்திருக்கும் கோட்டுத்தாள் இந்தக் கலையின் வேலைமுறைக்குள்ளேயே இருந்தது. வண்ணப் பக்கத்தைக் கையில் எடுப்பவர் அந்த ஒரு கட்டத்தில் ஓவியரின் இடத்தில் உட்காருகிறார்.

ஆனால் ‘பெரும் அலை’யின் விளிம்புக்கோடு கறுப்பு அன்று, ஆழ்நீலம். அப்போது ஜப்பானில் பரவலாகத் தொடங்கியிருந்த பிரஷ்ய நீலத்தின் கவர்ச்சியில் உருவான படம் அது. அலையின் விளிம்பும் அலையும் ஒரே நிறக் குடும்பத்தில் இருப்பதால்தான் நீர் கோட்டுக்குள் அடைபடாமல் எழும்பி நிற்கிறது. வண்ணப் பக்கத்தில் அந்தக் கோடு தடித்த கறுப்பாகும்போது அலை இரும்புக் கம்பிக்குள் சிக்கிவிடுகிறது. இதைச் சரிசெய்யச் செலவேதும் இல்லை. நீலத்திலேயே அச்சிட்டால் போதும்.

ஜப்பானிய அச்சுகளை நேசித்த வின்சென்ட் வான்கோ, ஆர்ல் நகரில் தன் படுக்கையறையை வரைந்த 1888 அக்டோபரில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த ஓவியத்தின் கோட்டுப்படத்தை வரைந்து, நிறங்களைச் சொற்களால் அடுக்கினார். சுவர் வெளிறிய ஊதா, தரை சிவப்பு ஓடு, கட்டிலும் நாற்காலியும் புதுவெண்ணெயின் மஞ்சள், போர்வை பளிச்சென்ற சிவப்பு, சன்னல் பச்சை. நிழல்களை விட்டுவிட்டு ஜப்பானிய அச்சுபோலத் தட்டையான நிறங்களால் தீட்டியதாகவும் சொன்னார். வண்ணம் தீட்டும் பக்கத்துக்கு இதைவிட நேர்மையான மூலம் எனக்குத் தெரிந்து இல்லை: ஓவியரே போட்ட கோடு, ஓவியரே சொன்ன நிறம்.

இன்று ஆம்ஸ்டர்டாமில் தொங்கும் அந்த ஓவியத்தின் சுவர்கள் நீலமாக இருக்கின்றன. ஊதாவில் இருந்த சிவப்பு நிறமி ஒளிபட்டு வெளிறிப்போய் நீலம் மட்டும் தங்கிவிட்டது என்பதை நிறமி ஆய்வுகள் காட்டியுள்ளன. சிகாகோ கலை நிறுவனம் 2016இல் வான்கோ தீட்டிய மூன்று படுக்கையறை ஓவியங்களையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தபோது இந்த மாற்றம் பொதுமக்களிடமும் பரவலாகப் பேசப்பட்டது. வண்ணப் பக்கத்தோடு மூல ஓவியத்தின் இன்றைய புகைப்படத்தைக் கொடுத்து இதைப் போலத் தீட்டு என்றால் சுவர் நீலமாகும். கடிதத்தைக் கொடுத்தால் ஊதாவாகும். இரண்டையும் கொடுத்தால் தீட்டுபவர் ஒரு கலை வரலாற்றாசிரியரின் சிக்கலைத் தன் மேசையிலேயே சந்திப்பார். இந்த வாய்ப்பைத் தவறவிடும் பக்கங்கள் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகின்றன.

இல்லாத கோடு

அடுத்ததே மிகச் சிக்கலான வகை: கோடே இல்லாத ஓவியத்திலிருந்து கோட்டை உருவாக்குவது.

கிளாட் மோனேயின் ‘உதயம்: ஒரு மனப்பதிவு’ (1872) ஓவியத்தில் செஞ்சூரியனின் ஒளிர்வு, சுற்றியுள்ள சாம்பல் வானத்தின் ஒளிர்வுக்கு ஏறத்தாழச் சமம். நிறத்தால் மட்டுமே அது வேறுபடுகிறது. நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் காட்டியதுபோல, அந்த ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சூரியன் வானத்துக்குள் கரைந்துபோகிறது. இப்போது விளிம்பறியும் மென்பொருளை எண்ணிப் பாருங்கள். ஜான் கேனி 1986இல் வகுத்த வழிமுறை முதல் வழக்கமான விளிம்பறி முறைகள் பலவும் ஒளிர்வு எங்கே சட்டென்று மாறுகிறது என்பதைத்தான் தேடுகின்றன. அந்தக் கணக்குக்கு மோனேயின் சூரியன் கிட்டத்தட்ட இல்லை. ஓவியத்தின் உயிரான பொருளே கோட்டுப்படத்தில் காணாமல் போகும். ஒருவர் கையால் வட்டம் போட்டுத்தான் அதை மீட்கவேண்டும். அந்த வட்டம் மோனேயுடையது அன்று.

ஃபெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ணில் (சுமார் 1660) சிக்கல் வேறு விதம். அவள் உருவத்தின் ஒரு பக்க விளிம்பில், பின்சுவரிலிருந்து அவளைப் பிரித்துக்காட்ட ஃபெர்மீர் மெல்லிய வெண்கோடு ஒன்றை இழுத்திருக்கிறார். வெளிச்சத்தால் ஆன கோடு அது. வண்ணப் பக்கம் அதே இடத்தில் கறுப்புக் கோட்டைப் போடுகிறது. சுவரில் அடித்த ஆணியின் நிழலும், ஆணி பிடுங்கிய துளைகளும், சுவரின் ஈரக்கறையும் பக்கத்திலிருந்து மறைகின்றன, அல்லது பொருள்களோடு பொருள்களாகக் கோடாகிவிடுகின்றன. ஒளியே இந்த ஓவியத்தின் பொருள் என்பவர்களுக்கு எஞ்சுவது ஒரு சமையலறைப் பட்டியல் மட்டும். இதே ஓவியத்தின் மஞ்சள் படிந்த தரமற்ற படங்கள் இணையத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் பரவி, ரெய்க்ஸ் அருங்காட்சியகக் கடையில் விற்கும் சரியான அஞ்சலட்டையையே பார்வையாளர்கள் நம்ப மறுத்தார்கள் என்ற செய்தி, 2011இல் யூரோப்பியானா வெளியிட்ட அறிக்கையால் பரவலாக அறியப்பட்டது. ரெய்க்ஸ் அருங்காட்சியகம் நல்ல படங்களைத் திறந்துவிட்டதற்கு அதுவும் ஒரு தூண்டுதல். நிறத்தில் இவ்வளவு கவனம் காட்டும் அருங்காட்சியக உலகம் கோட்டின் விஷயத்தில் அதே கண்டிப்பைக் காட்டவேண்டும்.

பழைய ஒரு கலைக்கொள்கையும் இங்கே சத்தமில்லாமல் உள்ளே நுழைகிறது. முதலில் கோடு, பிறகு நிறம். கோடு அறிவு, நிறம் கவர்ச்சி. பாரிஸ் ஓவியக் கழகத்தில் 1670களில் இதைப் பற்றிக் கடும் வாதம் நடந்தது. லெ பிரன் கோட்டின் பக்கம் நின்றார், ரோஜே தெ பீல் நிறத்துக்காக எழுதினார். 1790இல் கான்ட் வரைவே சாரம் என்றும் நிறம் புலன்களை ஈர்ப்பது என்றும் தீர்ப்பளித்தார். நம் நாட்டிலும் விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம், ஆசான்கள் போற்றுவது கோட்டை, நிறச்செழுமையை விரும்புவது ஏனையோர் என்று தரம் பிரிக்கிறது. ஒரு வண்ணப் புத்தகம் எந்த ஓவியத்தையும் கோடாக்கிக் கொடுக்கும்போது, தெரிந்தோ தெரியாமலோ கோட்டின் தரப்பில் சேர்ந்துவிடுகிறது. டிஷியன், டர்னர், மோனே போன்று நிறத்தாலேயே சிந்தித்தவர்களுக்கு இது பெரிய அநீதி. அவர்களை வண்ணப் புத்தகத்தில் சேர்க்கவேண்டுமென்றால் கோடு போடாத வழிகளைத் தேடவேண்டும். வெற்றுத்தாளின் ஓரத்தில் மோனேயின் ஆறேழு நிறங்களை மட்டும் அச்சிட்டு, ஒளிர்வு சமமாகவும் நிறம் வேறாகவும் இருக்கும்படி சூரியனைக் கொண்டுவரச் சொல்லலாம். அது கடினம்தான். ஓவியம் அந்தக் கடினத்தால் ஆனது.

நிறம் உதிர்ந்துபோன சிலைகளைப் பற்றி ஒரு சொல். கிரேக்கப் பளிங்குச் சிலைகள் வெண்மையானவை என்ற பதினெட்டாம் நூற்றாண்டு நம்பிக்கையை, தொல்லியலாளர் வின்சென்ஸ் பிரிங்க்மன் 2003இல் மியூனிக்கில் தொடங்கிவைத்த ‘வண்ணத் தெய்வங்கள்’ கண்காட்சி பரவலாக உடைத்தது. புறஊதா ஒளியிலும் சாய்வொளியிலும் கல்லின் மேற்பரப்பைப் படித்து, ஏகினா கோவில் வில்லாளியின் காலாடையில் இருந்த சாய்சதுர வடிவங்களை அவர் குழு மீட்டது. அந்த மறுஆக்கங்களின் நிறம் மிகத் தட்டையாக இருக்கிறது என்ற விமர்சனமும் உண்டு. தீர்ந்த விடை இல்லாத இடம் இது. ஆகவே வண்ணப் பக்கம் இங்கே அறிஞர்களோடு தோளோடு தோள் நிற்கும் ஒரு பயிற்சியாகிறது.

பெயரில்லாத கை

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு அச்சோவியங்களின் அடிவிளிம்பைக் கவனித்தால் சிறிய எழுத்தில் இரண்டு மூன்று பெயர்கள் தெரியும். ஓவியத்தைத் தீட்டியவர் ஒருவர், அதை அச்சுக்காகக் கோட்டில் வரைந்தவர் ஒருவர், தகட்டில் செதுக்கியவர் ஒருவர். லத்தீன் சுருக்கக் குறிகளோடு மூவரின் பங்கும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். ஒரு கலைப்பொருளை இன்னொரு ஊடகத்துக்கு மாற்றுவது பெயர்சொல்லத்தக்க வேலை என்ற புரிதல் அன்று இருந்தது. ஃபுக்ஸ் அதை இன்னும் மேலே கொண்டுபோய் மூவரின் முகங்களையும் அச்சிட்டார்.

இன்றைய அருங்காட்சியக வண்ணப் பக்கத்தில் ஓவியரின் பெயர் இருக்கும், ஓவியத்தின் ஆண்டும் சேகரிப்பு எண்ணும் இருக்கும். கோட்டைப் போட்டவர் பெயரைப் பெரும்பாலும் காணமுடியாது. விளைவு, கோட்டை ஓவியரே போட்டதாக வாசகர் நம்பிவிடுகிறார். மூலச்சுவடியைப் பதிப்பிப்பவர் தாம் எங்கே வாசித்தார், எங்கே ஊகித்தார் என்று குறிப்பு எழுதுகிறார். ஓவியத்தைக் கோடாக்குபவரும் அத்தகைய பதிப்பாசிரியரே. எந்த நிழலை விட்டார், எந்த விளிம்பைச் சேர்த்தார், மென்பொருளைப் பயன்படுத்தினாரா என்ற இரண்டு வரிக் குறிப்பு பக்கத்தின் அடியில் இருக்கவேண்டும். மூலப்படமும், நிறத்தைப் பற்றி ஓவியரோ அச்சகத்தாரோ விட்டுச்சென்ற சொற்கள் கிடைத்தால் அவையும் பின்புறத்தில் வரவேண்டும். குழந்தைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பெயர் என்பது என்ன என்று குழந்தைகளுக்கு நன்றாகவே தெரியும். தாங்கள் தீட்டிய படத்தின் மூலையில் அவர்கள் முதலில் எழுதுவது அதைத்தான்.

தீட்டியவர்களின் பெயரும் இதே கணக்கில் வருகிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஆன்ட்வெர்ப்பில் யார் எந்த நூலுக்கு நிறம் தீட்டினார், என்ன கூலி பெற்றார் என்பதை இன்று நாம் அறியமுடிவதற்குக் காரணம், பிளாந்தான் அச்சகத்தின் கணக்கேடுகள் அழியாமல் அந்நகர அருங்காட்சியகத்தில் இருப்பதுதான். ‘தி ஃபுளோரிஸ்ட்’டின் காலத்தில் வீட்டு மேசைகளில் நடந்த வேலைக்கு அத்தகைய ஏடு இல்லை. தன் பக்கங்களை மக்களிடம் கொடுக்கும் நூலகம், அவற்றில் ஒரு சிறு பகுதியையாவது தீட்டிய நிலையில் திரும்பப் பெற்று, தீட்டியவர் விரும்பினால் பெயரோடும், ஆண்டோடும், பயன்படுத்திய நிறப்பொருளின் குறிப்போடும் சேகரிப்பில் சேர்த்துவைக்கலாம். சமூக ஊடகத்தில் பகிரப்படும் படம் சில நாட்களில் கண்ணிலிருந்து மறைகிறது. தாள் நிற்கும். ஆனால் தாளில் ஏறிய சாயப் பேனாவின் நிறம் வான்கோவின் சிவப்பைப்போல ஒளியில் வெளிறக்கூடியது; எந்தப் பேனா, எந்த நிறம் என்ற குறிப்பு அந்தத் தாளின் பின்புறத்தில் இன்றே எழுதப்படவேண்டும்.